மரத்தூளில் வந்த குளம்

மயிலாப்பூரில் ஏழாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகள் போன விடுமுறையில் ஒரு வீடியோவைக் கொண்டுவந்து காட்டினாள். லடாக்கில் உறைந்துபோன ஒரு குளம். அதன்மேல் ஹெல்மெட் மாட்டிய பெண்கள் கையில் நீள மட்டையோடு பறந்துகொண்டிருந்தார்கள். ஓடினார்கள் என்று சொல்ல மனம் வரவில்லை, பறந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஐஸ் ஹாக்கி.

"மாமா, இத நம்ம ஊர்ல விளையாடவே முடியாதா?"

"ஏன் முடியாது? வா, முதல்ல ஐஸ் ஹவுஸ் வரைக்கும் போயிட்டு வருவோம்" என்றேன்.

"அது பஸ் ஸ்டாப் பேருதானே?"

சென்னைப் பிள்ளைகளில் பாதிப் பேர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்கூட்டரில் ஏறினோம். லஸ்ஸிலிருந்து சாந்தோம், பிறகு பட்டினப்பாக்கம் தாண்டி மெரினா லூப் ரோடு. நொச்சிக்குப்பத்து மீன் கடைகளில், சாக்கு போர்த்திய ஐஸ் பாளத்தை ஒரு அம்மா உடைத்துக்கொண்டிருந்தார். "அந்தச் சாக்க மனசுல வெச்சிக்கோ, பின்னாடி வேணும்" என்று சொல்லிவைத்தேன்.

காமராஜர் சாலையில் கடலைப் பார்த்தபடி, முன்பக்கம் வளைந்து நிற்கும் அந்தக் கட்டடத்துக்கு இப்போது விவேகானந்தர் இல்லம் என்று பெயர். அமெரிக்காவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் ஒன்பது நாள் இங்கே தங்கினார். அப்போது இது பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞரின் வீடு. ஆனால் 1842இல் இதைக் கட்டியது மனிதர்கள் குடியிருக்க அல்ல, ஐஸ் குடியிருக்க!

அந்த ஐஸ் எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவிலிருந்து. பாஸ்டன் நகரத்தைச் சுற்றி நிறையக் குளங்கள் உண்டு. அந்தக் காலத்தில் ஜனவரி, பிப்ரவரியில் அவை ஓரடி, ஒன்றரை அடி கெட்டியாக உறைந்துவிடும். ஃபிரெடெரிக் டியூடர் என்ற வியாபாரி அதை அறுத்து வெப்ப நாடுகளுக்குக் கப்பலில் அனுப்பி விற்றார். இந்தியாவுக்கு முதல் கப்பல் 1833 மே மாதம் பாஸ்டனிலிருந்து கிளம்பியது. அதன் பெயர் டஸ்கனி. ஏற்றிய ஐஸ் 180 டன். நிலநடுக்கோட்டை இரண்டு முறை தாண்டி, நான்கு மாதம் கடலில் மிதந்து செப்டம்பரில் கல்கத்தா போய்ச் சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது. மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. பாதிக்கு மேல் உருகவில்லை!

எப்படி? இரண்டு காரணங்கள். இரண்டையும் நீங்கள் சமையலறையிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

முதலாவது, பனிக்கட்டி பயங்கரப் பிடிவாதக்காரன். 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் ஐஸை 0 டிகிரித் தண்ணீராக்க 80 கலோரி வெப்பம் வேண்டும். அதே 80 கலோரியை 0 டிகிரித் தண்ணீர் ஒரு கிராமுக்குக் கொடுத்தால் அது 80 டிகிரிக்குச் சூடேறி, தொட்டால் கை பொத்துப்போகும். ஐஸோ அவ்வளவு வெப்பத்தையும் விழுங்கிவிட்டு, வெறும் குளிர்ந்த தண்ணீராக நிற்கும். இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர்.

பெரிய கட்டியாக இருந்தால் பிடிவாதம் இன்னும் கூடும். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்துக்குப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர், கன அளவு 1 கன சென்டிமீட்டர். அதே கனசதுரத்தின் பக்கம் பத்து சென்டிமீட்டர் ஆனால் பரப்பு 600, கன அளவு 1000. வெப்பம் உள்ளே நுழைவது பரப்பு வழியாகத்தான். உருக வேண்டியதோ கன அளவு. பெரிய கட்டிக்கு வாசல் சிறிது, வீடு பெரிது. டியூடரின் ஆட்கள் பாளங்களை நெருக்கி அடுக்கி ஒரே மலைபோல ஆக்கியது இதனால்தான்.

இரண்டாவது காரணம் மரத்தூள். அதில் துகளுக்குத் துகள் இடையே காற்று சிக்கி அசையாமல் நிற்கும். அசையாத காற்று வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. அமெரிக்க மர அறுவை மில்களில் குப்பையாகக் கொட்டிய தூளைத்தான் ஐஸைச் சுற்றி நிரப்பினார்கள். நொச்சிக்குப்பத்து அம்மாவின் சாக்கும் இதே வேலையைத்தான் செய்கிறது. மார்கழியில் போர்வை நமக்குச் சூடு கொடுப்பதாக நினைக்கிறோம் அல்லவா? போர்வை சூடும் கொடுக்காது, குளிரும் கொடுக்காது. வெப்பத்தை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகவிடாது, அவ்வளவுதான். உள்ளே நீங்கள் இருந்தால் உங்கள் சூடு வெளியே போகாது. உள்ளே ஐஸ் இருந்தால் வெளிச்சூடு உள்ளே வராது.

அப்போது சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தள்ளிக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். அலையைத் தாண்டிப் படகில்தான் சரக்கு கரைக்கு வரும். ஐஸும் அப்படித்தான் வந்தது. திருவல்லிக்கேணி மணலில் அந்தப் பாளங்கள் இறங்கியதை முதன்முதலில் பார்த்தவர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

பாஸ்டன் பக்கத்தில் வால்டன் என்றொரு குளம். 1846-47 குளிர்காலத்தில் அங்கே ஐஸ் அறுத்ததைக் குளக்கரையில் குடிசை போட்டு வாழ்ந்த ஹென்றி டேவிட் தோரோ பார்த்துக்கொண்டிருந்தார். 1854இல் வந்த தன் புத்தகத்தில், தன்னுடைய கிணற்றுத் தண்ணீரைச் சென்னை மக்கள் குடிக்கப்போவதாக எழுதினார். நம் ஊர்ப் பெயர் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது!

"சரி மாமா, ஹாக்கி எங்க?" என்றாள் பெண். வந்துவிட்டோம்.

ஐஸ் அறுக்கும் அதே ஊர்களில் பிள்ளைகள் இரும்புத் தகடு பதித்த ஸ்கேட்டைக் காலில் கட்டிக்கொண்டு குளத்தில் வழுக்கி விளையாடுவார்கள். குளம் ஏன் ஆளைத் தாங்குகிறது? மேலே மட்டும்தான் உறைகிறது, ஆனால் கெட்டியாக உறைகிறது. தண்ணீருக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. 4 டிகிரியில்தான் அது அதிக அடர்த்தியாக இருக்கும். அதைவிடக் குளிர்ந்தால் லேசாகி மேலே வந்துவிடும். உறைந்தால் இன்னும் லேசு. ஒரு கன மீட்டர் ஐஸ் 917 கிலோதான், தண்ணீரோ 1000 கிலோ. அதனால் குளத்துக்கு மேலே கூரை போட்டதுபோல ஐஸ் மூடிக்கொள்ள, அடியில் மீன்கள் நிம்மதியாக நீந்தும். பெரும்பாலான திரவங்களைப் போலத் தண்ணீரும் அடியிலிருந்து உறைந்திருந்தால் ஐஸ் வியாபாரமும் இல்லை, ஐஸ் ஹாக்கியும் இல்லை, மீனும் இல்லை.

விளையாட்டுக்கு ஒழுங்கு வந்தது கனடாவில். 1875 மார்ச் 3ஆம் தேதி, மாண்ட்ரியல் நகரத்து விக்டோரியா ஸ்கேட்டிங் தளத்தில், கூரைக்கு அடியில், பக்கத்துக்கு ஒன்பது பேர் வைத்து ஒரு ஆட்டம் நடந்தது. ஏற்பாடு செய்தவர் ஜேம்ஸ் கிரைட்டன் என்ற பொறியாளர். ஆடியவர்களில் மெக்கில் பல்கலைக்கழக மாணவர்களும் உண்டு. பந்து துள்ளிப் போய்ப் பார்ப்பவர்கள்மேல் விழக் கூடாதென்று, பந்துக்குப் பதில் தட்டையான மரவில்லையை வைத்து ஆடினார்கள். எவ்வளவு நல்ல யோசனை! பந்து உருளும், எகிறும். வில்லை தரையோடு ஒட்டி வழுக்கும். இன்றைக்கு அது ரப்பர் வில்லை. பெயர் பக். விட்டம் 7.6 சென்டிமீட்டர், எடை சுமார் 170 கிராம். ஆட்டத்துக்கு முன்னால் அதை உறைய வைப்பார்கள். குளிர்ந்த ரப்பர் விறைத்துப்போய்த் துள்ளாது. 1877இல் மெக்கில் மாணவர்கள் தங்களுக்கென்று ஒரு ஹாக்கி கிளப் தொடங்கினார்கள்.

அமெரிக்கக் கல்லூரிகளில் அப்போது ஐஸ்மேல் பந்தை வைத்து வேறொரு ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். 1894-95 குளிர்காலத்தில் மால்கம் சேஸ் போன்ற சில மாணவர்கள், டென்னிஸ் ஆடுகிறவர்கள், கனடா போய் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். 1896 பிப்ரவரியில் யேல் பல்கலைக்கழகமும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் மோதின. அமெரிக்காவில் கல்லூரிக்கும் கல்லூரிக்கும் நடந்த முதல் ஐஸ் ஹாக்கி ஆட்டங்களில் அது ஒன்று.

இங்கேதான் ஒரு புதிர். அந்த ஆட்டம் எங்கே நடந்தது? குளங்கள் உறைந்துகிடந்த பாஸ்டனில் அல்ல. அதற்கு வெகு தெற்கே, குளிர் குறைவான பால்டிமோரில்! ஐஸ் மலிந்த ஊரை விட்டுவிட்டு ஐஸ் அரிதான ஊரில் போய் ஏன் ஆடினார்கள்?

பால்டிமோரில் ஒரு மெஷின் இருந்தது. 1894 டிசம்பரில் அங்கே திறந்த நார்த் அவென்யூ தளத்தின் ஐஸ், வானம் தந்தது அல்ல, இயந்திரம் செய்தது.

யோசித்துப் பாருங்கள். இப்படிக் கல்லூரிகள் தொடர்ந்து மோதிக்கொள்ளும் லீக் என்றால் என்ன? அட்டவணை. இந்த சனிக்கிழமை இவர்கள், அடுத்த சனிக்கிழமை அவர்கள். உங்கள் பள்ளி விளையாட்டு விழாவை டிசம்பரில் வைத்தால், புயல் சின்னம் என்றதும் தள்ளிப்போகிறது அல்லவா? குளத்தை நம்பி ஆடியவர்களுக்குத் தினமும் அந்தக் கவலை. நாலு நாள் வெயில் அடித்தால் ஐஸ் இளகிவிடும். உள்ளே விழுந்தால் உயிருக்கே ஆபத்து. வெளியூரிலிருந்து ரயில் பிடித்து வந்த அணி ஆடாமலே திரும்ப வேண்டும். அதனால் கல்லூரி லீக்குக்கு முதல் தேவை மட்டையோ கோப்பையோ அல்ல, உருகாத ஐஸ்.

1896இல் நியூயார்க்கில் செயின்ட் நிக்கோலஸ் தளம் திறந்தது. அதுவும் இயந்திர ஐஸ். 1900ஐ ஒட்டி யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா, பிரவுன் போன்ற கல்லூரிகள் சேர்ந்து லீக் தொடங்கியபோது, பல ஆட்டங்களை இந்த ஒரே தளத்தில்தான் ஆடினார்கள். ஊருக்கு ஊர் குளம் இருந்தும் எல்லாரும் நியூயார்க் வந்தார்கள். குளிருக்குப் பெயர்போன பாஸ்டன் பக்கத்து ஹார்வர்டோ, 1898 ஜனவரியில் தன் முதல் ஆட்டத்தைத் திறந்தவெளியில் ஆடி, பிரவுனிடம் 0-6 என்று தோற்றது. பாஸ்டனுக்கு இயந்திர ஐஸோடு பெரிய அரங்கம் வந்தது 1910இல்தான். ஐஸ் சும்மா கிடைத்த ஊர் மெஷினுக்கு அவசரப்படவில்லை.

அந்த மெஷின் எப்படி வேலை செய்கிறது? கையில் கொஞ்சம் சானிட்டைசர் தடவிப் பாருங்கள். ஜில்லென்று இருக்கும். திரவம் ஆவியாகும்போது உங்கள் கையிலிருந்து வெப்பத்தைத் திருடிக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். ஐஸ் மெஷினில் அம்மோனியா போன்ற பொருள் குழாய்க்குள் ஆவியாகி வெப்பத்தைத் திருடும். பிறகு அந்த ஆவியைப் பம்பு அழுத்தி மறுபடி திரவமாக்கும். திருடிய வெப்பத்தை அப்போது வெளியே கொட்டிவிடும். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் பின்பக்கத்தையோ பக்கவாட்டையோ தொட்டால் சுடுகிறதே, அதுதான் கத்தரிக்காயிலிருந்தும் பாலிலிருந்தும் திருடிய வெப்பம். ஸ்கேட்டிங் தளத்தில் தரைக்கு அடியில் வரிசையாகக் குழாய்கள். அவற்றில் இந்த மெஷின் 0 டிகிரிக்குக் கீழே குளிரவைத்த உப்புத் தண்ணீர் ஓடும். உப்பு கரைந்திருப்பதால் அது உறையாது. மேலே ஊற்றும் நல்ல தண்ணீர்தான் உறையும். ஐஸின் தடிமன் மூன்று, நான்கு சென்டிமீட்டர் இருந்தால் போதும்.

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். 1874இல் சென்னையில் இன்டர்நேஷனல் ஐஸ் கம்பெனி தொடங்கியது. இங்கேயே மெஷினில் ஐஸ். நான்கு மாதம் கடல் கடந்து வர வேண்டாம், பாதி உருக வேண்டாம். அமெரிக்க ஐஸ் வருவது சீக்கிரமே நின்றது. கடற்கரைக் கிடங்கு காலியாகி, விலைக்குப் போய், வீடானது. 1874இல் சென்னை ஐஸ் கம்பெனி, 1875இல் மாண்ட்ரியல் ஆட்டம், 1876இல் லண்டனில் ஜான் காம்ஜி என்பவர் அமைத்த உலகின் முதல் இயந்திர ஐஸ் தளம். அடுத்தடுத்து மூன்று வருடங்கள்! நம் ஐஸ் ஹவுஸைக் காலி செய்த அதே கண்டுபிடிப்புதான் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஐஸ் தரை போட்டுக் கொடுத்தது. இந்த விஷயம் எனக்குப் புலப்பட்ட நாளில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

"ஐஸ் ஏன் மாமா வழுக்குது?"

அவள் கேட்டது சின்னக் கேள்விதான். ஆனால் விஞ்ஞானிகள் நூற்றைம்பது வருடங்களுக்கு மேலாக இதோடு மல்லுக்கட்டுகிறார்கள். பழைய பாடப்புத்தகங்கள், ஸ்கேட் தகடு அழுத்துவதால் ஐஸ் உருகி வழுக்குகிறது என்று சொல்லும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஆட்டக்காரர் ஒற்றைக் காலில் நிற்கிறார். தகட்டின் அகலம் 3 மில்லிமீட்டர், தொடும் நீளம் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பரப்பு 3 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 20 கிலோ, அதாவது சுமார் 20 வளிமண்டல அழுத்தம். இந்த அழுத்தம் ஐஸ் உருகும் வெப்பநிலையை எவ்வளவு குறைக்கும்? 0.15 டிகிரிதான். ஹாக்கி தளத்து ஐஸோ மைனஸ் 5 டிகிரியில் இருக்கிறது. ஆக, அழுத்தம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. செருப்புப் போட்டு நடந்தாலும் வழுக்குகிறதே, அதற்கென்ன சொல்வது?

1850இலேயே மைக்கேல் ஃபாரடே ஒரு குறிப்புக் கொடுத்துவிட்டார். இரண்டு ஐஸ் கட்டிகளைச் சேர்த்துப் பிடித்தால் ஒட்டிக்கொள்கின்றன. அப்படியானால் ஐஸின் மேற்பரப்பில் எப்போதுமே ஒரு மெல்லிய நீர்ப்படலம் இருக்க வேண்டும் என்றார். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தி. நகர் ரங்கநாதன் தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மாட்டியவரால் கையைத் தூக்க முடியாது. நாலு பக்கமும் ஆள். ஓரத்தில் இருப்பவர் கொஞ்சம் அசையலாம். ஐஸுக்கு உள்ளே இருக்கும் நீர் மூலக்கூறை எல்லாப் பக்கமும் மற்ற மூலக்கூறுகள் இறுக்கிப் பிடித்திருக்கும். மேற்பரப்பில் இருப்பதற்கு மேல்பக்கம் பிடிக்க ஆளில்லை. அதனால் அது தளர்ந்து, திடமும் இல்லாமல் திரவமும் இல்லாமல் ஆடிக்கொண்டிருக்கும். அதோடு ஸ்கேட் உரசும்போது எழும் சூடும் சேர்கிறது. உரசல் சூட்டின் பங்கை 1939இல் பௌடனும் ஹியூஸும் சோதனையில் காட்டினார்கள். எழும்பூர் ஹாக்கி ஸ்டேடியத்தில், செயற்கைப் புல்மேல் ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீர் பீய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பந்து சீராக ஓடத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஐஸ் அந்தத் தண்ணீரைத் தானே வைத்திருக்கிறது.

ஸ்கேட்டுகள் கீறிக் கீறி ஐஸ் கரடுமுரடாகிவிடும். அதைச் சமப்படுத்தும் வண்டியை 1949இல் செய்தவர் ஃபிராங்க் சாம்போனி. அவர் முதலில் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? கலிஃபோர்னியாவில் ஐஸ் பாளம் செய்து விற்றார். வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ் வந்ததும் வியாபாரம் படுத்தது. கையில் குளிரூட்டும் மெஷின் இருந்ததால் 1940இல் ஸ்கேட்டிங் தளம் திறந்தார். நம் ஐஸ் ஹவுஸின் கதையேதான், ஆனால் இவர் சமாளித்துக்கொண்டார்! அவருடைய வண்டி மேற்பரப்பைச் சீவிவிட்டு, மேலே வெந்நீரை மெல்லிய படலமாகப் பரப்பும். ஆமாம், வெந்நீர்! அது பழைய ஐஸின் கீறல்களை லேசாக இளக்கி, உள்ளே இறங்கி, ஒன்றாகச் சேர்ந்து உறையும். பச்சைத் தண்ணீரைவிட வெந்நீரில் கரைந்திருக்கும் காற்றும் குறைவு.

இந்தியாவில் சிம்லாவில் 1920 முதல் ஸ்கேட்டிங் தளம் இருக்கிறது. குளிர்காலக் காற்றிலேயே உறைவது அது. லடாக்கில் ராணுவ வீரர்கள் ஆடியதைப் பார்த்து ஊர்ப் பிள்ளைகளும் ஆடத் தொடங்கினார்கள். லே நகரத்துக் கர்சூ குளம் அவர்களின் மைதானம். 3,500 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், குளம் உறைந்திருக்கும் இரண்டு மாதம் போலத்தான் ஆட்டம். 1890களின் பாஸ்டன் மாணவர்களுக்கு இருந்த அதே கஷ்டம்! 2011இல் டேராடூனில், மகாராணா பிரதாப் விளையாட்டுக் கல்லூரி வளாகத்தில், இயந்திர ஐஸோடு ஓர் உள்ளரங்கம் கட்டினார்கள். பல வருடங்கள் மூடிக்கிடந்து 2025இல் மறுபடி திறந்தது. அதை இனி ஒருபோதும் மூடவிடக் கூடாது.

மாதக்கணக்கில் தளமே இல்லாமல் பயிற்சி செய்த நம் பெண்கள் அணி 2016இல் முதன்முதலாகப் பன்னாட்டுப் போட்டியில் ஆடியது. 2017இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்றது, அணியின் முதல் வெற்றி. 2025இல் ஆசியக் கோப்பையில் வெண்கலம்.

"அந்த வெண்கலத்த எந்த ஊர்ல ஜெயிச்சாங்க தெரியுமா?" என்று கேட்டேன்.

"ஜப்பான்? கொரியா?"

"அல் ஐன். அரபு நாட்டுல, பாலைவனத்து நடுவுல. அதுவும் ஜூன் மாசத்துல."

வெளியே வெயில் 40 டிகிரிக்கு மேல் அடிக்கும் காலத்தில், உள்ளே ஐஸ்மேல் நம் பெண்கள் ஜெயித்தார்கள். அடையாறு வெயிலும் மயிலாப்பூர் வெயிலும் அதைவிடக் கடுமை இல்லை. நல்ல கட்டடம், நல்ல மெஷின், கரண்ட் பில் கட்ட மனசுள்ளவர்கள். இந்த மூன்றும் இருந்தால் சென்னைக் கல்லூரிகள் தங்களுக்குள் ஐஸ் ஹாக்கி லீக் நடத்தலாம். முடியும் என்றுதான் அவளிடம் சொன்னேன், உங்களிடமும் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு வேலை. ஒரே அளவு ஐஸ் கட்டிகள் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கிண்ணங்கள். ஒன்றைத் திறந்தபடி வையுங்கள், ஒன்றைப் பழைய கம்பளித் துணியில் நன்றாகச் சுற்றி வையுங்கள், ஒன்றைத் தச்சுப் பட்டறையில் கேட்டு வாங்கிய மரத்தூளுக்குள் புதையுங்கள். மூன்றும் ஒரே நிழலில் இருக்கட்டும். எது எத்தனை நிமிடத்தில் முழுதாக உருகியது என்று கடிகாரம் பார்த்து எழுதி அனுப்புங்கள்.